திங்கட்கிழமை வளைத்த பட்டை

மிக்கேல் என் கையிலிருந்து சவுக்காரக் கட்டியை வாங்கினார். கரியடுப்பின் மேல் கிடந்த வெள்ளை உலோகப் பட்டையில் பட்டும் படாமலும் ஒரு கோடு இழுத்தார். கோடு முதலில் ஈரமாக மின்னியது. பிறகு காப்பித் தூள் நிறத்துக்கு வந்தது.

"எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"கறுக்கணும் வாத்தியாரம்மா. கறுக்கற வரைக்கும்னு நீங்கதான படிச்சிக் காட்டுனீங்க."

கறுத்தது. இடுக்கியால் பட்டையைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார். ஒரு நீண்ட சீறல் எழுந்தது. ஆவி முகத்தில் அடித்துவிட்டுக் கூரையில் போய் நின்றது.

என் மகள் செலீனின் வெள்ளை உடுப்பைத் துவைப்பதற்கு என்று தனியாக வாங்கி வைத்திருந்த சவுக்காரம் அது. இப்போதும் சவுக்காரத்தைக் கையில் எடுத்தால் எனக்குக் கரி வாசனையும் சேர்ந்தே வருகிறது.

பள்ளிக்கூடத்து ஊஞ்சலின் சங்கிலியை வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்த பிறகே பிள்ளைகளை உட்கார விடுவேன் என்று சென்ற வாரம் இந்த இதழில் எழுதியிருந்தேன். காரைக்காலிலிருந்து ஓர் அம்மாள், "இவ்வளவு பயம் உடம்புக்கு ஆகாது, மதாம்" என்று கடிதம் போட்டிருக்கிறார். ஆகாதுதான். அந்தப் பயம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். அதிக காலம் ஆகவில்லை. செலீனுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது என் தோள் உயரம் இருக்கிறாள்.

மேலே உட்காரும் சம்மனசு

எங்கள் கோயிலில் தேவமாதா திருநாளன்று மாலையில் சப்பரம் எடுப்பார்கள். பதினாறு பேர் தோளில் தூக்கும் மரமேடை. நடுவில் மாதா சுரூபம். மேடையின் பின்பக்கத்திலிருந்து உலோகத்தில் செய்த ஒரு கை எழுந்து, கொக்கின் கழுத்துப் போல வளைந்து, சுரூபத்தின் தலைக்கு மேலாக முன்னால் வந்து நிற்கும். அதன் நுனியில் ஒரு சின்ன இருக்கை. சம்மனசு என்கிற தேவதூதன் உடுப்புப் போட்டு, முதுகில் இறக்கை கட்டிய ஒரு பெண் குழந்தை அதில் உட்கார்ந்து தெருவெல்லாம் பூத் தூவிக்கொண்டு வரும்.

நானும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் ஊர் என்பது வெறும் தலைகள்தான். தலைப்பாகைகள், முக்காடுகள், எண்ணெய் வழியும் வகிடுகள். கூட்டத்தில் என் அப்பாவின் வழுக்கையைக் கண்டுபிடித்துவிட்டேன். குறி வைத்து ஒரு பிடி ரோஜா இதழைப் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் இதழைத் தட்டிவிடவும் இல்லை. வீடு வரும்வரை அப்படியே சுமந்துகொண்டு வந்தார்.

அந்தக் காலத்துக் கை இரும்பில் செய்தது. கனம் என்றால் அப்படிக் கனம். கடற்காற்றில் வருஷம் முழுவதும் துருப்பிடிக்கும். திருநாளுக்கு முன் ஒரு வாரம் சுரண்டிச் சாயம் பூசுவார்கள். கடைசியாக அதைத் தூக்கிய வருஷம், வைத்திக்குப்பத்துப் பக்கம் மணல் ஏறிய தெருவில் முன்தண்டுக்காரர் ஒருவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் சாமியார் கன்னார் மிக்கேலைக் கூப்பிட்டு, இலேசாக ஒரு கை செய்யச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் வீட்டுச் செம்பும் குண்டானும் மிக்கேல் அடித்தவை. கோயில் விளக்குகளும் அவர் கைவேலைதான்.

அந்த வருஷம் சம்மனசுக்குச் சீட்டு எடுத்ததில் செலீன் பேர் வந்தது. ஒரு முறை சீட்டு விழுந்தால் இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைதான்.

அன்றைக்கே நான் மிக்கேலின் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான்.

"வேலைக்கிச் சேந்துட்டீங்களா வாத்தியாரம்மா?" என்று மூன்றாம் நாள் கேட்டார். "சம்பளமெல்லாம் கேக்கக் கூடாது."

ஓர் அரிசி மூட்டை

உலோகத்தைத் தேர்ந்தெடுக்க மிக்கேல் வைத்திருந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் ஒரு துளை. ஒரே நீளத்தில் வெட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாக அதில் செருகுவார். மறு நுனியில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். மூட்டை செலீனைவிட ஒன்றரைப் பங்கு கனம்.

இரும்பு அசையவில்லை. ஆனால் இரும்பு வேண்டாம் என்றுதானே இத்தனையும்.

பித்தளை அழகாக வளைந்து கொடுக்கும். தூக்கிப் பார்த்தால் அது இரும்பையும்விடக் கனம். எனக்கு அதுவரை இது தெரியாது.

அடுத்தது அலுமினியம், வீடுகளில் பாத்திரமாக வந்திருக்கிறதே, அது. என் மாமியார் அதில் புளி கரைக்க மாட்டேன் என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தார். "காயிதத்துல சமைக்கறாப்புல இருக்குது" என்பார். பட்டறையில் அவர் சொன்னதே சரியாயிற்று. மூட்டையைக் கட்டியதும் பட்டை தலை குனிந்தது. மூட்டையை அவிழ்த்த பிறகும் நிமிரவில்லை.

நாலாவது பட்டை துவானிலிருந்து வந்தது. துவான் என்பது எங்கள் ஊர்ச் சுங்கக் கிடங்கு. என் கணவர் அங்கே குமாஸ்தா. கப்பலில் இறங்கி, யாரும் வந்து கேட்காமல் கிடந்த ஒரு பெட்டியை ஏலம் விட்டபோது கோயிலுக்காக எடுத்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று பட்டைகள். பார்க்க அலுமினியம், கனமும் அலுமினியத்தின் கனம். மூட்டையைக் கட்டினால் இரண்டு விரல் தாழ்ந்தது. அவிழ்த்ததும் பேசாமல் பழைய இடத்துக்குத் திரும்பி நின்றது.

மிக்கேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை வளைக்கப் பார்த்தார். பாதி வளைவதற்குள் காய்ந்த சுள்ளி போல முறிந்துவிட்டது.

பெட்டிக்குள் பிரெஞ்சில் அச்சிட்ட ஒரு தாள் இருந்தது. அதைப் படிக்கத்தான் நான் தேவைப்பட்டேன்.

தாளில் போட்டிருந்த பெயர் துராலுமின். அலுமினியத்தோடு நூற்றுக்கு நாலு பங்கு தாமிரம் சேர்த்தது. ஆகாய விமானங்களுக்கு உடம்பு கட்டுவது இதில்தானாம்.

"நூத்துக்கு நாலு தாமிரமா?" மிக்கேலின் முகம் மலர்ந்தது. "அப்ப அது நம்ம வீட்டுப் புள்ள. தாமிரம் எம் பேச்சக் கேக்கும்."

மேலே படித்தேன். சவுக்காரக் கோடு கறுக்கும்வரை காய்ச்சவும். உடனே தண்ணீரில் அமிழ்த்தவும். ஒரு மணி நேரத்துக்குள் வளைத்து முடிக்கவும். அதன் பின் உலோகம் தானாகவே கெட்டிப்பட்டுவிடும்.

"தானாவா?"

"தானாகத்தான் போட்டிருக்கிறது."

"யாரும் அடிக்காமயா? சும்மாக் கெடந்தா எறுகறதுக்கு அது என்னா சுண்ணாம்புச் சாந்தா? தாமிரத்தக் காய்ச்சி நனைச்சி வையிங்க, சுத்தியலு படற வரைக்கும் ஒரு வருஷமானாலும் மெத்துனுதான் கெடக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சீமைக்காரர்கள் எதையும் அவசரப்படுத்தித்தான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, தாளை மடித்து என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் வேண்டாம்

சப்பரத்தின் கைக்கு அடுத்தடுத்து இரண்டு பட்டைகள் வேண்டும். இரண்டையும் ஒன்று போல வளைத்துக் குறுக்குச் சட்டங்களால் இணைப்பதாக ஏற்பாடு.

முதல் பட்டையை வெள்ளிக்கிழமை காய்ச்சினார். தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு மர அச்சில் வைத்து அழுத்தினார். நனைந்த பனையோலை போலப் படிந்து வளைந்தது. கொக்கின் கழுத்து அப்படியே வந்துவிட்டது. எனக்குக்கூட அதைத் தொட்டுப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது, நான் முதலில் எழுதிய அந்தச் சவுக்காரக் கோட்டுப் பட்டை. அது சனிக்கிழமை சாயங்காலம். தொட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மிக்கேல் விளக்கை ஏற்றி அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"விளக்கு வெளிச்சத்தில் வேண்டாம்," என்றேன். "கோணல் வந்தால் தெரியாது. பகலில் செய்யுங்கள்."

"அரை மணி வேலம்மா."

"பகலில் செய்யுங்கள்."

"நாளைக்கி ஞாயித்துக்கெழம." கொஞ்சம் யோசித்தார். "மாதா வேலதான, சாமிகிட்டக் கேட்டா உத்தரவு குடுப்பாரு. பூச முடிஞ்சதும் வளச்சிடறேன்."

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கருவியைத் தொட மாட்டார்கள். பூசைக்குப் போய் வந்தால் ஊசியில் நூல் கோப்பதுகூடக் கிடையாது. எனக்கு அது பழக்கம் மட்டும் இல்லை.

"என் பெண் உட்காரப் போகிற இடம் அண்ணே. ஓய்வுநாளில் கை வைக்க வேண்டாம். திங்கட்கிழமை செய்யுங்கள்."

மிக்கேல் விளக்கின் திரியை இறக்கினார். பட்டையைத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். தாள் என் ஜெபப் புத்தகத்திலேயே இருந்தது. மறுநாள் பூசையில் புத்தகத்தைத் திறந்தபோது அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

திங்கட்கிழமை நான் போனபோது மிக்கேல் பட்டையின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ன, வரவில்லையா?"

"வருது வருது. நேத்து லீவு எடுத்துச்சி இல்ல, மில்லு ஆளுங்க மாதிரி திங்கக்கெழம மொறச்சிக்கிட்டு நிக்குது."

இதற்கும் சிரித்தேன்.

வளைந்தது. முதல் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசலாக ஒன்று போல இருந்தது. இரண்டையும் இணைத்து அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். ஒரு பகல் முழுவதும் தொங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

திருநாளன்று சப்பரம் கிளம்புவதற்கு முன், செலீனை ஏணியில் ஏற்றி இருக்கையில் வைத்து வாரால் கட்டினேன். உடுப்பைச் சரி செய்யும்போது அதன் கைப்பக்கத்துத் துணி இடது பட்டையின் வளைவில் உரசியது. ஒரு நூல் எதிலோ மாட்டிக்கொண்டு நீண்டு வந்தது. அரம் போட்ட இடத்தில் பிசிறு இருக்கும் என்று நினைத்தேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு இறங்கினேன்.

கடற்கரைத் தெருமுனை

சப்பரம் அந்த வருஷம் மிதந்து போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். தூக்குகிறவர்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். மிக்கேலும் முன்தண்டில் ஒரு தோள் கொடுத்திருந்தார். பெண்கள் எப்போதும் பின்னால்தான். நான் முக்காட்டோடு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். கடற்காற்றில் செலீனின் இறக்கைகள் படபடத்தன.

கடற்கரைத் தெருமுனையில் தோள் மாற்ற நிறுத்தினார்கள். கோயிலைவிட்டுக் கிளம்பிய சப்பரத்தைத் திரும்பி வரும்வரை தரையில் வைக்கக் கூடாது. அதனால் தோள் மாற்றும்போது தண்டுகளுக்குக் கீழே கவை பிரிந்த நீளக் கம்புகளைக் கொடுத்துத் தாங்குவார்கள். வாத்தியம் நின்றது. பாட்டும் நின்றது.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. நகத்தை நகத்தால் சுண்டியது போல, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். செலீனின் இருக்கை நாலு விரல் தாழ்ந்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவள் வாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரோ விளையாட்டுக்கு ஆட்டினார்கள் என்று நினைத்திருப்பாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். முன்தண்டுகள் இரண்டுக்கும் நடுவே, இருக்கைக்கு நேர் கீழே போய் நின்றேன்.

"பொம்பளைங்க தண்டுக்குள்ள வரக் கூடாதும்மா," என்றார் ஒரு தண்டுக்காரர்.

"வந்தாச்சு. நீ தோள மாத்து," என்றார் மிக்கேல். அவருக்கும் சத்தம் கேட்டிருந்தது. மேலே ஒரு முறைதான் பார்த்தார்.

"எறக்குங்க அண்ணே. புள்ளைய எறக்குங்க," என்றேன்.

என் காதுக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். "ஏணி கோயில்ல இருக்குது. அவ அசைஞ்சி எறங்கப் பாத்தா அதுலயே போயிடும். உக்காந்தே வரட்டும். நீங்க மொகத்த மாத்திக்காதீங்க, புள்ள பாக்குது."

தன் தோளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கவைக் கம்பை எடுத்தார். இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டி, கொடி பிடிக்கிறவர் போலக் கம்பின் அடியை அதில் ஊன்றினார். கவையை இடது பட்டைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"மெதுவாப் போங்கப்பா," என்றார். "கால் பாத்து வையிங்க."

அங்கிருந்து கோயிலுக்கு மூன்று தெரு. நான் மிக்கேலுக்குப் பக்கத்தில், தலையை அண்ணாந்து, கைகளை நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். ஜெபமாலை விரலில்தான் இருந்தது. ஒரு மணியும் நகரவில்லை. நான் எண்ணியது தூக்குகிறவர்களின் காலடிகளை.

"அம்மா," என்று மேலிருந்து குரல் வந்தது. "நீ ஏம்மா கீழ வந்து நிக்கற? பூ எல்லாம் ஒன் மூஞ்சிலதான் விழுது."

"போடு. பரவாயில்ல."

"கண்ணுல விழப் போவுது."

"நீ அசையாம உக்காந்து போடு, செல்லம்."

மிக்கேலின் முழங்கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. கம்பு நடுங்கவில்லை.

கோயிலில் ஏணி வைத்து, மிக்கேல் கம்பை விடாமல் பிடித்திருக்க, நானே ஏறி அவளை இறக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த வருஷமும் நான்தானம்மா?" என்பது.

சுண்டு விரல் அகலம்

மறுநாள் பட்டறையில் மிக்கேல், திங்கட்கிழமை வளைத்த அந்த இடது பட்டையைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்தார். வளைவின் வெளிப்பக்கத்தில், நூல் மாட்டிய இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். இரண்டு விரலால் தள்ளினார். பட்டை இரண்டாக வந்துவிட்டது.

முறிந்த முகத்தைக் காட்டினார். முக்கால் பங்கு மங்கிக் கறுத்திருந்தது. அது பழைய விரிசல். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் புதிதாக, உடைத்த உப்புக் கல் போல வெள்ளையாக மின்னியது. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பங்குதான். என் சுண்டு விரல் அகலம்.

"வளைக்கறப்பவே கை சொல்லிச்சி," என்றார். "நாந்தான் கேக்கல."

"நான்தான் உங்களை நிறுத்தினேன். தாளைப் படித்தவளும் நான்தான்."

"படிச்சிக் காட்டுனீங்க. நான் சிரிச்சேன்."

"நானும்தான் சிரித்தேன்."

மிக்கேல் மிச்சமிருந்த துண்டுகளில் இரண்டை எடுத்தார். இரண்டையும் காய்ச்சி நனைத்தார். ஒன்றை உடனே வளைத்தார், படிந்து வளைந்தது. மற்றதை ஜன்னலில் வைத்தார். மூன்றாம் நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வளைத்தார். வெளிப்பக்கம் மெல்ல வாய் திறந்தது.

"புள்ளைங்க மாதிரி," என்றார் மிக்கேல். "தூங்கறப்பதான் வளருது."

இந்தக் கதை சாமியாருக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. மிக்கேல் கம்பு பிடித்ததை ஏதோ வேண்டுதல் என்று எண்ணிக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். இந்த இதழைப் படித்தால் தெரிந்துகொள்வார். செலீனும் படிப்பாள்.

மறு வருஷம் நெருங்கியபோது மிக்கேல் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். "வேணாம்னா சொல்லிடுங்க. பழைய இரும்புக் கையே போதும்னு சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

உள்ளே செலீன் போன வருஷத்து இறக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, பிய்ந்த இறகுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்றைக்குக் காய்ச்சப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்ற அன்னிக்கி."

புதிய பட்டையை ஒரு சாயங்காலம் காய்ச்சினார். தொட்டியிலிருந்து எடுத்தபோது இருட்டிவிட்டது. விளக்கை நான் பிடித்தேன். எண்ணெய் காய்ந்து கை சுட்டது. வளைத்து முடிக்கும்வரை இறக்கவில்லை.

திருநாளன்று செலீன் ஏணியில் பாதி ஏறி நின்றாள். நான் ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து, இரண்டு பட்டைகளின் வளைவிலும் அடியிலிருந்து நுனி வரை இழுத்தேன். எங்கும் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன்.

"அம்மா, எல்லாரும் நிக்கறாங்க. இன்னும் எத்தன வாட்டி?"

"ஒரு வாட்டி," என்றேன். மூன்று முறை இழுத்தேன்.

சப்பரம் எழுந்தது. நான் தண்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். தண்டுக்காரர்கள் விலகி இடம் விட்டார்கள். முதல் பிடிப் பூ நேராக என் உச்சந்தலையில் வந்து விழுந்தது. குறி வைத்துப் போட்ட பூ அது. நான் தட்டிவிடவில்லை.